முதல் பீரியட் முடியும்வரை

தம்பி,

போன வெள்ளிக்கிழமை கேத்திலில் தண்ணீர் கொதிப்பதற்குள் நீ ஒரு கேள்வி கேட்டாய். சுவீடனில் ஒரு சின்ன ஊரின் ஐஸ் ஹொக்கிக் கழகம் உன்னை இரண்டாவது கோல்காப்பாளனாக எடுக்கத் தயார். இங்கேயே ஓர்ஹூஸ் நகரில் பொறியியல் படிக்கவும் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் விரைவில் பதில் சொல்ல வேண்டும். நான் என்ன நினைக்கிறேன் என்று வழக்கம்போல டேனிஷில் கேட்டாய். நானும் வழக்கம்போலத் தமிழில், "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். நீ தலையாட்டிவிட்டு மேலே போனாய். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசிக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை என்று அம்மா சொல்வார். இந்தமுறை உண்மையாகவே யோசித்தேன். அதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் பார்த்த வீடியோ. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை டேனிஷில் எழுதியிருந்தால் உனக்கு வாசிக்கச் சுலபம். ஆனால் டேனிஷில் நான் எழுதுவதெல்லாம் வேலைத்தலத்தில் எழுதுகிற மாதிரி மூன்று வரியில் முடிந்துவிடும். கண்ணாடி சரி, கண்ணாடி பிழை, கையொப்பம். தமிழில்தான் எனக்குக் கதை நீளும். நீ தமிழை மெதுவாக வாசிப்பாய் என்பதும் தெரியும். அதுவும் நல்லதுக்குத்தான். அவசரமாக வாசித்தால் நான் கோபத்தில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிடுவாய்.

உன் விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்தத் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தெரிந்துகொண்டதுதான். ஏழு வயதில் வகுப்புப் பிள்ளை ஒருவனோடு முதல்முதல் போனாய். கோலுக்குள் நிற்க ஒருவரும் முன்வரவில்லை, நீ கை உயர்த்தினாய். வரும் வழியில் ஏனென்று கேட்டேன். "அங்க நிண்டா கனக்க உடுப்புப் போடலாம், அப்பா. குளிராது" என்றாய். அப்போது என்னோடு தமிழில் கதைப்பாய். எனக்கும் அது நல்ல முடிவாகத்தான் பட்டது. மற்றப் பிள்ளைகள் ஓடி ஓடி மோதுகிறார்கள், இவன் ஒரு மூலையில் பத்திரமாக நிற்பான் என்று வீட்டில் வந்து அம்மாவுக்கும் சொன்னேன். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை உன் தலைக்கவசத்தில் பட்டு எழுந்த சத்தத்தைக் கேட்ட அன்றுதான், அரங்கிலேயே ஆபத்தான இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாய் என்று விளங்கியது. அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மா ஒருமுறை வந்து முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு வருவதை நிறுத்தினார்.

நான் சில்க்போர்க்கில் யன்னல் செய்கிற தொழிற்சாலையில் கண்ணாடிகளில் கீறல் பார்க்கிறவன். உன் அரங்கில் தடுப்புக் கண்ணாடி முழுக்கப் பக் பட்ட கறுப்புத் தழும்பு. எங்கள் இடமென்றால் ஒன்றையும் வெளியே விட்டிருக்கமாட்டோம். அந்தத் தழும்புகளுக்கு நடுவே எனக்கு அந்த வில்லை எங்கே போகிறது என்று ஒருநாளும் பிடிபட்டதில்லை. அதனால் பக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன்னை மட்டும் பார்த்தேன். ஒரு ஆட்டத்துக்கு மூன்று பீரியட், ஒவ்வொரு பீரியட்டுக்கும் பக்கம் மாறுவீர்கள். நானும் தேநீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அரங்கைச் சுற்றி நடந்து மறுபடி உன் வலைக்குப் பின்னால் போய் நிற்பேன். நான் நிற்பது உனக்குப் பலம் என்று நினைத்தேன். யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

கோலுக்குள் நிற்கிறவனின் எதிர்காலம் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொந்தக்காரர் கேட்கும்போது விளக்கி விளக்கி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. முன்னால் ஓடுகிறவர்களுக்கு ஒரு அணியில் பல இடம். நல்லவன் முதலில் ஆடுவான், சுமாரானவன் கடைசியில் கொஞ்ச நேரம் ஆடுவான். கோலுக்கு ஒரே இடம். இரண்டாவது ஆள் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பான். வீரர்கள் பனிக்குள் இறங்கி ஏறும்போது அந்தச் சின்னக் கதவைத் திறந்து மூடுவதுதான் அவனுக்கு வேலை. பெரிய கழகங்கள் பின்லாந்திலிருந்தோ கனடாவிலிருந்தோ வளர்ந்த ஒருவனைக் கொண்டுவந்து கோலில் நிறுத்துகின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சிலர் முப்பது வயதில் நன்றாக ஆடுகிறார்கள், பலர் அதற்கு முன்னரே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதைச் சொன்னதும் மாமா என்ன சொன்னார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "என்ன மருமகன், கதவு திறக்கவே இவ்வளவு காலமும் பழகினீர்?" எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பல்லைக் காட்டினேன்.

இந்த வருடம்தான் இளையோர் அணியில் உனக்குக் கடைசி வருடம். உங்கள் கழகத்தின் பெரிய அணிக்கு இரண்டாவது கோல்காப்பாளன் ஒருவன் தேவை, பிளேஓஃப் என்கிற கடைசிச் சுற்று ஆட்டங்கள் முடிந்ததும் உன்னையோ மிக்கெலையோ எடுப்போம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். உனக்கு அந்த ஒரு இடம் வேண்டும். மிக்கெலுக்கும் அதே இடம் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவன் காலுறையை மற்றவன் போட்டுத் திரிந்தீர்கள். மிக்கெலின் அப்பாவும் நானும் கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் எனக்குக் கோப்பி ஊற்றுவார், நான் அவருக்கு அம்மா பொரித்த ரோல்ஸ் கொடுப்பேன். நீ ஒரு கோல் விட்டால் அவர் மரியாதையாகக் கூரையைப் பார்ப்பார். மிக்கெல் விட்டால் நான் சப்பாத்தைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் மற்றவரின் மனதில் ஓடுவது தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாமியின் மகள் சஹானா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு ஹொல்ஸ்டெப்ரோவில் மண்டபம் பதிய முன்னர் மாமி என்னைத்தான் கேட்டார். நான் தாய்மாமன். தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்ப்பதும் நான், மேடைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் நான். "அண்ணை, தம்பிக்கு அண்டைக்கு மட்ச் ஒண்டும் இல்லையே?" நான் அட்டவணையைப் பார்த்தேன். அரையிறுதி மூன்று ஆட்டம், இரண்டில் வென்றவர் மேலே போவார். மூன்றாவது ஆட்டத்துக்கு நேரே அந்தச் சனிக்கிழமை போட்டிருந்தது, பக்கத்தில் 'தேவைப்பட்டால்' என்றும் போட்டிருந்தது. நம்முடைய ஆட்களுக்கு 'தேவைப்பட்டால்' என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். தேவைப்பட்டால் வாறம் என்று சொன்னவர்கள் யார் வந்திருக்கிறார்கள்? "ஒண்டும் இல்லை, நீ மண்டபத்தைப் பதி" என்றேன். ஐயர் நேரம் குறித்தார், அழைப்பிதழ் அடித்தார்கள், ஐரோப்பா முழுக்க ஆட்கள் விமானம் பதிந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் வென்றீர்கள். இரண்டாவதில் நான் கும்பிடாத தெய்வமில்லை. மிக்கெலின் அப்பா என்னைப் பார்த்து, இவருக்கு மகன்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்திருப்பார். எனக்கோ அதை வென்றுவிட்டால் சனிக்கிழமை மிச்சம் என்பதுதான் கணக்கு. மேலதிக நேரத்தில் தோற்றீர்கள். காரில் வரும்போது இரண்டு பேருக்கும் கவலை, ஆனால் ஒரே கவலை அல்ல. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "சனிக்கிழமை நீங்கள் வருவீங்களா?" என்று கேட்டாய். நீ என்னிடம் அப்படி எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

எப்படி என்பது உனக்குத் தெரியும். அரங்கு எங்கள் வீட்டுக்கும் ஹொல்ஸ்டெப்ரோவுக்கும் நடுவில் இருந்தது ஒரு நன்மை. காலையில் தண்ணீர் வார்வை, மத்தியானம் ஆட்டம், இரண்டு மணிக்கு மேடை. மாமிக்குத் தகவலைச் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "அண்ணை, நீங்கள் வராட்டி அவள் மேடை ஏறமாட்டாள். அவ்வளவுதான்" என்றார். தண்ணீர் வார்த்து, தேங்காய் உடைத்து, அம்மாவை அங்கேயே அலங்கார வேலைக்கு விட்டுவிட்டு, பட்டு வேட்டியோடும் சால்வையோடும் காரில் ஏறினேன். உடுப்பு மாற்றினால் திரும்ப வேட்டி கட்ட நேரமில்லை. குளிருக்கு மேலே தொழிற்சாலை ஜக்கெற்றைப் போட்டேன். காலில் செருப்பு. அரங்கில் அந்தக் குளிர் வேட்டிக்குள்ளால் ஏறியதை இப்போது நினைத்தாலும் முழங்கால் நடுங்குகிறது.

மிக்கெலின் அப்பா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். இன்று உங்களுக்குப் பெருநாளா என்று டேனிஷில் கேட்டார். இதை நான் எந்த டேனிஷில் விளக்குவது? தங்கையின் மகளுக்கு, உங்கள் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் வைக்கிற கொன்ஃபிர்மேஷன் மாதிரி ஒன்று என்றேன். "தில்லுக்கெ" என்று கைகுலுக்கி வாழ்த்திவிட்டு, தன் கம்பளியை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். அந்த மனிதரின் மகன் அப்போது வாங்கில் கதவு திறந்துகொண்டிருந்தான்.

முதல் பீரியட்டில் நீ இரண்டு கோல் விட்டாய். முதலாவதற்கு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இரண்டாவது கால்களுக்கு நடுவால் மெதுவாகப் போனது. எனக்கே தெரிந்தது என்றால் எவ்வளவு மெதுவாகப் போயிருக்கும் என்று பார். பயிற்சியாளர் மிக்கெலைத் திரும்பிப் பார்த்தார். மிக்கெல் எழுந்து காலை நீட்டி மடக்கினான். மிக்கெலின் அப்பா கோப்பிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே நின்றார். பீரியட் முடிந்த மணி அடித்தது. இதற்குமேல் நின்றால் சஹானா மேடை ஏறமாட்டாள். நீ தலையைக் குனிந்து வெளியே போனபோது கண்ணாடியில் தட்டி மணிக்கூட்டைக் காட்டினேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. என் பிள்ளையை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறேன் என்ற நினைப்போடுதான் காரை ஓட்டினேன். அழுகை வந்தது. வேட்டியோடு காரோட்டிக்கொண்டு அழுகிற மனிதனைப் பார்த்து எதிரே வந்த லொறிக்காரர் என்ன நினைத்தாரோ.

மண்டபத்தில் புகை இயந்திரம், பிறை நிலா வடிவத்தில் ஒரு கதிரை, அதில் சஹானா. வேட்டிக்குப் பொக்கெற் இல்லை, தொலைபேசி ஜக்கெற்றோடு காரிலேயே கிடந்தது. ஆலாத்தி எடுக்க ஆட்கள் ஏறி இறங்க, நான் பக்கத்தில் நின்று உன்னை வெளியே எடுத்திருப்பார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். "அண்ணை, சிரியுங்கோ, வீடியோ எடுக்கினம்" என்று மாமி மூன்று நாலு தடவை சொன்னார். சிரித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பந்தி முடிகிற நேரம் நீ வந்தாய். கார் என்னிடம் இருந்ததால் உன்னை ஏற்றி வந்தவர் மிக்கெலின் அப்பா. வாசலில் விட்டுவிட்டுப் போக நின்றவரை மாமா இழுத்துவந்து வாழையிலைக்கு முன்னால் இருத்தி, அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பாயாசம் ஊற்றினார். வென்றுவிட்டீர்கள் என்றும், இரண்டாம் மூன்றாம் பீரியட்டில் உன்னைத் தாண்டி ஒன்றுமே போகவில்லை என்றும், இப்படி ஒரு ஆட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். தன் மகனின் இடம் கையைவிட்டுப் போன அன்று அதைச் சொல்ல அந்த மனிதரால் முடிந்தது. என்னால் முடிந்திருக்காது.

நீ ஈரத் தலையோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

"செகண்ட் பீரியட்ல நீங்கள் நிக்கேல்லை" என்றாய், தமிழில்.

"ஓம். மேடைக்கு நேரமாச்சுது. குறை நினைக்காதை."

நீ அப்பளத்தை உடைத்தாய். பிறகு டேனிஷில், அது இலகுவாக இருந்தது என்றாய்.

"எது?"

"நீங்கள் இல்லாதது."

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். எனக்குத் தாகமில்லை. மனம் நொந்தது. இத்தனை வருடக் குளிரும், விடியற்காலைக் காரோட்டமும், பாதியில் விட்ட மத்தியானத் தூக்கமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. திரும்பி வந்து, அப்படியென்றால் இனி நான் வரவேண்டாமா என்று கேட்டேன். நீ வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாய். "வாங்கோ. ஃபர்ஸ்ட் பீரியட் முடியப் போங்கோ." அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுக்காவிட்டால் அன்று என்னால் சாப்பிட்டிருக்க முடியாது.

இறுதியாட்டங்களில் தோற்றீர்கள். அதற்குப் பிறகு கழகம் உன்னையும் எடுக்கவில்லை, மிக்கெலையும் எடுக்கவில்லை, பின்லாந்திலிருந்து உங்களைவிட இரண்டு வயது மூத்த ஒருவனைக் கொண்டுவந்தது. மிக்கெல் மின்சார வேலை பழகப் போய்விட்டான். நீ இரண்டு கிழமை அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் அறைக் கதவுக்கு வெளியே வந்து வந்து நின்றேன். கதவைத் தட்டாமலே திரும்பிப் போனேன்.

இனி அந்த வீடியோ. நம்முடைய வீடியோக்காரர்கள் அவசரப்படுகிறவர்கள் அல்ல, பிள்ளைக்குக் கல்யாணம் ஆக முன்னர் தந்தால் போதும் என்பது அவர்களுடைய கொள்கை. ஒருமாதிரி இப்போது வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமி பெரிய திரையில் போட்டார். சஹானா பிறைநிலாவில் வருகிறாள், புகை வருகிறது, பாட்டு வருகிறது. பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். கண்ணைச் சுருக்கி, வாயை இறுக்கி, அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை எங்கே பிழை இருக்கிறது என்று தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "பாருங்கோ, செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி" என்று மாமி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "அது உங்கட கண்ணாடி பாக்கிற முகம்" என்றார்.

அது என் சாதாரண முகம் என்று எனக்குத் தெரியும். கவலைப்பட்டாலும் சந்தோஷப்பட்டாலும் அதே முகம்தான் இருக்கும்போல. ஆனால் அதை வெளியில் நின்று நான் பார்த்தது அன்றுதான் முதல்தடவை. வீட்டுக்கு வரும்போது ஒன்று ஞாபகம் வந்தது. கோல் விழுந்தால் பக் வலைக்குள் கிடக்கும். அதை எடுக்க நீ திரும்புவாய். திரும்பினால் வலை, வலைக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் நான். பதின்மூன்று வருடமாக, நீ விட்ட ஒவ்வொரு கோலுக்கும் பிறகு, உலகத்தில் நீ முதலில் பார்த்தது அந்த முகத்தை. அதற்குப் பிறகு நீ தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நின்று ஆடியிருக்கிறாய். ஒருநாளும் என்னை வேறு இடத்தில் நிற்கச் சொன்னதில்லை. அந்த ஒரு சனிக்கிழமை மட்டும், இரண்டாம் பீரியட்டிலிருந்து, திரும்பிப் பார்த்தபோது அங்கே அந்த முகம் இல்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். பெரிய அணிக்கு வருவாயா, முப்பது வயதில் கோலில் நிற்பாயா, எனக்குத் தெரியாது. பக் எங்கே போகிறது என்றே தெரியாதவன் அதைச் சொல்ல முடியாது. உன் ஆட்டத்தை எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் பின்னால் நில்லாதபோது நீ எப்படி ஆடுவாய் என்பதை இன்னும் நீயே முழுதாகப் பார்க்கவில்லை. இரண்டு பீரியட் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். மிச்சத்தைப் பார்க்காமல் ஓர்ஹூஸில் போய் இருந்தால் உன் மனம் படிப்பில் நிற்காது. பொறியியல் அங்கேயேதான் இருக்கும், அடுத்த வருடமும் விண்ணப்பிக்கலாம். போ.

மாமா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஓம், கதவு திறக்கத்தான் போகிறான் என்று சொல்வேன். சுவீடனில் அந்த முதல் கோல்காப்பாளனுக்கு முழங்கால் பிடிக்கிற நாளிலோ, பயிற்சியாளருக்குப் பொறுமை போகிற நாளிலோ, பாதி ஆட்டத்தில் உன்னை உள்ளே அனுப்புவார்கள். அது என்றைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அன்று பெரும்பாலும் நான் சில்க்போர்க்கில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்துக் கவலைப்படுவேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி இல்லை.

சாமான்களை நானே காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன். பிறகு எப்போதாவது கப்பலேறி ஒரு ஆட்டத்துக்கு வருவேன், வேட்டி கட்டாமல். நீ வாங்கில் இருந்து கதவு திறக்கிற நாளென்றால் கடைசி மணி அடிக்கும்வரை நிற்பேன். நீ கோலில் நிற்கிற நாளென்றால், முதல் பீரியட் முடிய, காருக்குள் போயிருந்து தேநீர் குடிப்பேன். ஆட்டம் முடிந்ததும் வந்து கண்ணாடியைத் தட்டு.

அப்பா